தலெந்தாவின் புட்டியும் என் புட்டியும்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஏப்ரல் கடைசி ஞாயிறு, நபூல் சந்தை வாசலில் எங்கள் சேவைச் சங்கத்தின் பூத்தண்ணீர் விற்பனை. ஒரே மேசை. தலெந்தாவின் புட்டிகளுக்கு முன்னால் பதினாறு பேர் வரிசை. என் புட்டிகளுக்கு முன்னால் ஓர் ஈ.

(ஈ இல்லை. கதைக்காகச் சேர்த்தேன். ஈகூட வரவில்லை.)

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "தலெந்தா தலைக்கனம் பிடித்தவள். அவள் சிரிப்பில் ஒரு" — அடித்துவிட்டேன். நல்ல சிரிப்புதான். இரண்டாம் வரைவில் அவள் மூக்கைக் கொஞ்சம் நீளமாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. பள்ளியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் மூக்கு எனக்குத் தெரியாதா?

2

நாரத்தை பூத்ததும் உறுப்பினர் ஒன்பது பேரும் அவரவர் வீட்டில் செம்புப் பானை ஏற்றிப் பூவை வடிப்போம். காப்பியில் நாலு சொட்டு விட்டால் வீடே மணக்கும். நாலு கிலோ பூவுக்கு இரண்டு புட்டி. முதலில் வடிவதில்தான் மணமெல்லாம். இரண்டாவது, அதன் தங்கை மாதிரி. சங்கத்தின் பழைய சட்டம் ஒன்றே ஒன்று: முதல் புட்டி சங்கத்துக்கு, இரண்டாவது வீட்டுக்கு. புட்டியில் அவரவர் பெயர் ஒட்டியிருக்கும்.

அந்த விற்பனையில்தான் சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓடுகிறது. என் தெருமுனையில் ஸல்ஹா ஏறுவாள். ஏறும்முன் என் ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பாள்.

(இந்த ஸல்ஹாவைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் என்னால் நிம்மதியாகப் பொறாமைப்பட முடியும்.)

3

சங்கக் கூட்டம். மேசைமேல் விற்காத புட்டிகள். பாதி என்னுடையவை.

"இந்தப் பூத்தண்ணி வியாபாரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்," என்றார் வங்கிக்காரர் மோன்ஸெஃப். "ஹம்மாமெத்துல நல்ல ஓட்டலாப் பாத்து ஒரு விருந்து வைப்போம். கோட்டு சூட்டு ஆளுங்க வருவாங்க."

"அது எப்போ?" தலைவர் ஸி ஹெதி கேட்டார்.

"அடுத்த குளிர்காலம்."

"அதுவரைக்கும் வேனை யாரு தள்ளுறது? நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலெந்தா எழுந்தாள்.

"ஜனங்க ஒரு பேரைத் தேடி வந்து நிக்கிறாங்க, அதான் கோளாறு," என்றாள். அந்தப் பெயர் யாருடையது என்று அவள் சொல்லவில்லை, பாருங்கள். "இனிமே பேரே வேண்டாம். ஒம்போது பேர் தண்ணியையும் ஒரே அண்டாவுல ஊத்திக் கலப்போம். சங்கத்துப் புட்டின்னு விப்போம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயரை விட்டுக்கொடுக்கவும் ஒரு பெயர் இருக்க வேண்டுமே! எனக்கு விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

"கலந்தா எல்லாமே கெட்டுப்போகும்," என்றார் மோன்ஸெஃப்.

கை தூக்கச் சொன்னார்கள். நாலுக்கு நாலு. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நஸீஹா, என்னம்மா சொல்றே?"

"யோசிக்கணும் ஸி ஹெதி."

"சரி, சனிக்கிழமை ஆளுக்கொரு புட்டி எடுத்துட்டு வாங்க. இங்கேயே கலந்து, காப்பியில விட்டுக் குடிச்சுப் பாப்போம். நல்லா இருந்தா விற்பனை நடக்கும். இல்லேன்னா மோன்ஸெஃபோட விருந்துதான்."

அப்போது தலெந்தா மேசையிலிருந்த என் புட்டி ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். ஸி ஹெதி கை நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி அவரிடம் கொடுக்காமலேயே மூடிவிட்டாள்.*

4

* இந்த நட்சத்திரக்குறியை மூன்று முறை போட்டு மூன்று முறை அழித்தேன். சொல்ல வேண்டியது இதுதான். நான் எழுதிய

பதினோரு வருஷமாக

என் வீட்டில் விருந்தாளிகள் காப்பி குடித்துவிட்டு, "நஸீஹா, உன் கை மணமே தனிடி!" என்பார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. முதல் புட்டி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சங்கத்துக்குப் போனதெல்லாம் இரண்டாவது.

ஆக, பதினோரு வருஷமாகத் தங்கையை அனுப்பிவிட்டு, அக்காவை ஏன் யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று அழுதிருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

5

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தலெந்தா பின்னால் வந்தாள். இங்கே அவளுக்கு நான் எழுதிவைத்திருந்த வசனம்: "திருடி! எத்தனை வருஷமா இப்படி?" அதைச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபப்பட்டு ஒரு நல்ல கதை எழுதியிருப்பேன்.

அவள் சொன்னது வேறு.

"நஸீஹா, என்னோட முதல் புட்டியெல்லாம் வித்துப்போச்சுடி. சனிக்கிழமை நானும் ரெண்டாவதுதான் கொண்டு வருவேன்."

"நானும்" என்றாள். அழுத்திக்கூடச் சொல்லவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ரொட்டி வாங்கப் போய்விட்டாள்.

பாருங்கள் அநியாயத்தை! கதை என்னுடையது, பேனா என்னுடையது, இதில் உருப்படியான ஒரே வசனம் அவளுடையது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நான் முதல் புட்டியை எடுத்துப்போகிறேன். கலவை மணக்கிறது, விற்பனை நிற்காமல் தொடர்கிறது, எல்லோரும் தலெந்தாவின் யோசனையைப் புகழ்கிறார்கள். (பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது.)

இரண்டாவதை எடுத்துப்போகிறேன். ஒன்பதில் இரண்டு நீர்த்தவை. காப்பி சப்பென்று இருக்கிறது, மோன்ஸெஃப் சிரிக்கிறார், தலெந்தா முதன்முறையாகத் தோற்கிறாள். ஸல்ஹா தெருமுனையில் (இதை முடிக்கவில்லை.)

எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன். இது அழகான முடிவு. அந்தப் பெண் நானில்லை.

இன்று சனிக்கிழமை. கூட்டம் நாலு மணிக்கு. மேசைமேல் இரண்டு புட்டிகளையும் வைத்திருக்கிறேன். வைக்கோல் சுற்றியவை, ஒரே உயரம், இரண்டிலும் என் பெயர். மூடியைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு தூரம் என் கூடவே வந்துவிட்டீர்கள். என் பையில் ஒரு புட்டிக்குத்தான் இடம். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், நீங்களே எடுத்து வையுங்கள். சீக்கிரம். கீழே தலெந்தா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.