ஸ்மால் கேட்டவளுக்கு வந்த லார்ஜ்

பார்சலைப் பிரித்ததுமே டீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த டைவிங் ஜாக்கெட்டின் காலர் பட்டையில் லார்ஜ் என்று போட்டிருந்தது. அவள் கேட்டது ஸ்மால். சும்மாவா கேட்டாள்? மார்பளவு, இடுப்பளவு, முதுகு நீளம் எல்லாம் டேப் வைத்து அளந்து பெங்களூர் கடைக்கு இரண்டு தடவை எழுதி அனுப்பியிருந்தாள். அவர்களும் இரண்டு தடவை "ஓகே மேடம்" என்று பதில் போட்டிருந்தார்கள்.

வரும் சனிக்கிழமை முருடேஸ்வர் கடற்கரையில் அவளுக்குக் கடைசி ஸ்கூபா டைவ். கடலில் நான்கு முறை இறங்கினால்தான் சான்றிதழ், மூன்று முடிந்திருந்தது. இந்த வாரத்தை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் அக்டோபர் வரை படகு கிடையாது. மூன்றாவது முறை போட்டிருந்த வாடகை ஜாக்கெட் தொளதொளவென்று காதுவரை ஏறி, முதுகுச் சிலிண்டர் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீருக்குள் அவளை ஆமை மாதிரிப் புரட்டிப் போட்டது. அந்தப் பயத்தில்தான் சொந்தமாக ஒன்று வாங்கத் துணிந்தாள்.

"இன்னாடி இது, மூட்டை தூக்கற பை மாதிரி கீது?" என்றாள் அம்மா டெய்சி.

"பிசிடி மம்மி. சிலிண்டர இதுலதான் மாட்டணும். காத்து ஏத்துனா மேல தூக்கும், வுட்டா கீழ எறக்கும்."

அப்பா வால்டர் சுரங்கத்தில் ரெஸ்க்யூ டீமில் இருந்தவர். ஏத்தறது, எறக்கறது என்று காதில் விழுந்ததும் பெல் அடித்து ஆட்களை ஷாஃப்ட் குழியில் ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

"அப்ப இதான் உன் கேஜு. பெல் அடிக்கறவன் யாரு?"

"கேஜும் நானு, பெல்லும் நானு டாடி. அதான் சைஸ் சரியா இருக்கணும்ன்றேன்."

கடைக்கு வீடியோ கால் போட்டாள். எடுத்தவன் பெயர் கிரண். முகத்தைப் பார்த்தால் இன்னும் கடல் பக்கமே போகாதவன் போலிருந்தான்.

"பிகினர்ஸ்க்கு பெருசுதான் மேடம் சேஃப். ஜாஸ்தி காத்து பிடிக்கும்."

"ஜாஸ்தி காத்து யாரு கேட்டா? எனக்கு ஒடம்புல நிக்கணும்."

"ஸ்ட்ராப் டைட் பண்ணிக்கோங்க மேடம். ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாடல்தான்."

எல்லோருக்கும் ஒன்றாம்! நாற்பத்தெட்டு கிலோ டீனாவுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒன்றாம். அவள் வாயைத் திறப்பதற்குள் வால்டர் தலையாட்டிவிட்டார்.

"பையன் சொல்றது கரெக்ட்டு. முதுகுல மாட்டற ரெஸ்க்யூ செட்ட நாங்க மூச்ச உள்ள இழுத்துக்கினு இறுக்கிக் கட்டுவோம். சுரங்கத்துக்குள்ள லெவல்ல தவழ்ந்து போறப்ப ஒரு இஞ்சி ஆடக்கூடாது. திரும்பு."

முற்றத்தில் தண்ணீர் டிரம்களுக்கு நடுவே நிற்க வைத்து, தோள், மார்பு, வயிறு என்று ஒவ்வொரு பட்டையாக இழுத்தார். வயிற்றுப் பட்டைக்கு முழங்காலை வேறு கொடுத்தார். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தீங்களா அங்கிள்! பர்ஃபெக்ட்," என்றது போன்.

டீனாவுக்கே ஒரு நிமிடம் சரிதானோ என்று தோன்றிவிட்டது. டெய்சிதான் விடவில்லை.

"காத்து ஏத்துனாதான மேல தூக்கும்ன? காத்தே இல்லாம பர்ஃபெக்ட்டுன்னு எப்படிடா சொல்ற? வாயால ஊதலாமா டீனா?"

"ஊதலாம். இந்தக் குழாய்ல, பட்டன அமுக்கிக்கினு ஊது."

சர்ச் பாட்டுக்குழுவில் முப்பது வருஷம் பாடிய டெய்சியின் மூச்சு. நாலு ஊதலில் ஜாக்கெட் புடைத்தது. ஆறில் டீனாவின் விலா இறுகியது. எட்டாவதில் அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள், குரல் வரவில்லை. கையால் மட்டும் டிரம்மைத் தட்டினாள்.

"ஐயோ, அவுருங்க!" டெய்சி கத்தினாள்.

வால்டர் பக்கிள்களைப் படபடவென்று கழற்றினார். டீனா டிரம்மைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ரெஸ்க்யூ செட்டு உப்பாது," என்றார் மெதுவாக. "இது உப்புதே... அத யோசிக்கலியே நானு."

"அது டாடிக்குத் தெரியாது. இத விக்கற உனக்குமா தெரியாது?" டீனா போனைக் கையில் எடுத்தாள். "லூசா வுட்டா காதுக்கு ஏறும். இறுக்குனா மூச்சு நிக்கும். இதத்தான் சேஃப்புன்னியா?"

"மேடம், ஸ்மால் வர மூணு வாரம் ஆகும். இந்த ஒரு தடவ மட்டும் அட்ஜஸ்ட் பண்ணி..."

"நீ வந்து எறங்கறியா அட்ஜஸ்ட் பண்ணி? உன்னுத நீயே வச்சிக்கோ. நாளைக்கு ரிட்டர்ன் வரும்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமைக்கு என்ன செய்வது? முருடேஸ்வரில் சொல்லிக் கொடுக்கும் நளினியைக் கூப்பிட்டாள்.

"ஸ்மாலா? இருக்குதே டீனா. கலர் போனது, பழசு. ஆனா காத்து நிக்கும்."

"அப்ப போன டைவ் அன்னிக்கு ஏன் மீடியம் குடுத்தீங்க அக்கா?"

"படகுல ஒரு ஒல்லிப் பையன் ஸ்மால எடுத்துக்கிட்டான். நீ மீடியம மாட்டிக்கிட்டு சும்மா நின்னே. லூசா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா?"

டீனாவுக்குச் சுருக்கென்றது. சொல்லவில்லைதான். படகு நிறைய ஆட்கள், எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டு இறங்கினாள். கிரண் மேல் வந்த கோபத்தில் பாதி இப்போது எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்தது.

"இப்ப சொல்றேன் அக்கா. அந்த ஸ்மால் எனக்கு வேணும். கரையிலயே போட்டு, ஊதிப் பாத்துட்டுத்தான் படகு ஏறுவேன். எத்தன பேரு காத்துக்கினு இருந்தாலும் சரி."

"பேர எழுதி மாட்டச் சொல்லு," என்றார் வால்டர் பின்னாலிருந்து. "சுரங்க லேம்ப் ரூம்ல ஒவ்வொரு லேம்ப்புக்கும் நம்பர் போட்டுத்தான் வைப்போம். இல்லன்னா எவனாவது தூக்கிக்கினு பூடுவான்."

நளினி சிரித்துக்கொண்டே எழுதி மாட்டுவதாகச் சொன்னாள்.

ஜாக்கெட்டை மறுபடி பெட்டிக்குள் திணித்தார்கள். மூடவில்லை. டெய்சி பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தாள், அப்போதும் மூடவில்லை.

"எழுந்துரு மம்மி. உன் மூச்சுதான் இன்னும் உள்ள கீது."

டீனா தோள்பக்கம் இருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். புஸ்ஸென்று நீளமாக இறங்கியது. கடைசிக் காற்றும் போகிறவரை கையை எடுக்கவில்லை. பிறகு பெட்டியை மூடி டேப் ஒட்டி, அதன்மேல் மார்க்கரால் தன் அளவுகளை மூன்றாவது தடவையாகப் பெரிய எழுத்தில் எழுதினாள்.