தனியாகப் போனவர்

2010 பெப்ரவரியில் பாரிஸின் லா சப்பலில் இருந்து இரண்டு குடும்பங்கள் பனிமலைக்குப் போயிருந்தன. எல்லோரும் பனி ஸ்கூட்டர் ஓடிக் களைத்த பிறகு, துஷ்யந்தன் மட்டும் போனையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் தனியாகப் போனான். இரண்டாம் நாளும் போனான். யாரோ பெண்ணோடு பேசத்தான் போகிறான் என்று மனைவி சுதர்சனா சந்தேகப்பட்டாள்.

"கஜன் அண்ணை, இவர் எங்கை போறவர்?"

துஷ்யந்தனின் நண்பன் கஜன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியாது தங்கச்சி."

"உங்களுக்குத் தெரியும். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மரங்களுக்குப் பின்னால், எஞ்சினை நிறுத்தாமல், துஷ்யந்தன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். போனில், போன வருடம் வன்னிப் போரில் செத்துப்போன தம்பியின் படம்.

"வீட்டிலை அழுதால் பிள்ளையளுக்குக் கேட்கும்," என்றான்.

சுதர்சனா கஜனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கணவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அழுங்கோ," என்றாள். "நான் இருக்கிறன்."