ஊருக்குப் பின்னால் ஓர் ஓட்டை

நாளை காலை எட்டு மணிக்குச் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அதற்குள் என் ரயில் ஒரே ஒரு சுற்று ஓட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கில்லை. மூன்று மாதமாகப் பசி எடுத்து நான் சாப்பிட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

ரயில் என்றால் சின்ன ரயில். பொம்மை என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் கோபம் வரும், இப்போது அதுவும் வருவதில்லை. உள்ளறையை அடைத்துக்கொண்டு ஒரு பலகை. முன்னால் ஊர், பின்னால் மலை, இரண்டையும் சுற்றித் தண்டவாளம். பதினோரு வருட உழைப்பு. ஓடினால் அழகுதான், ஆனால் ஓடாது. ஒரு தலைமுடி கிடந்தால் நின்றுவிடும். சமையலறையில் மிக்ஸி போட்டால் சிக்னல் விளக்கு கண்ணடிக்கும். பசை மரத்தில் ஒட்டாது, என் விரலில் ஒட்டும். தபாலில் வரவழைத்த பயணிப் பொம்மைகள், ரயில் பெட்டியைவிட ஒரு தலை உயரம்.

"பாவம், இவங்க கூரை மேல உக்காந்துதான் ஊருக்குப் போகணும்" என்றாள் என் மனைவி.

எல்லாவற்றிலும் மோசம் மலையடி வளைவு. பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை என்ஜின் அங்கே குப்புற விழும். என் நாற்காலியிலிருந்து கை எட்டாது. அதற்காகவே பலகையின் நடுவில் ஓர் ஓட்டை வெட்டினேன். அது கண்ணை உறுத்தியதால், மறைக்க முன்னால் வரிசையாக வீடுகளைக் கட்டினேன். எனக்குத் தொப்பை. ஆகவே அவள்தான் பலகைக்கு அடியில் தவழ்ந்து போய், ஊருக்குப் பின்னால் எழுந்து நின்று, என்ஜினை நிமிர்த்தி வைப்பாள்.

"எட்டுச் சக்கரமும் உக்காந்துச்சா? நல்லாப் பாரு" என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதட்டுவேன். அவள் தலையில் ஒட்டடையோடு சிரிப்பாள்.

கடைசியாக அது விழுந்தது, அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன காலையில். "இருக்கட்டும், வந்து எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வரவில்லை. நான் அழவில்லை. கல் மனசு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மறுக்கத் தெம்பில்லை.

இப்போது மகள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறாள். அங்கே பலகைக்கு இடமில்லை.

"பிரிக்கத்தானேப்பா போறோம். அது எப்படிக் கிடந்தா என்ன?"

"உங்கம்மா எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டுப் போனா. அது பாதியில நிக்குது."

மகள் ஒட்டடைக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நீட்டி நெம்பினேன். தண்ணீர்த் தொட்டி சாய்ந்தது. இரண்டு விளக்குக் கம்பங்கள் போயின. என்ஜின் அசையவில்லை.

"விடுங்க, நான் போறேன்."

"வேண்டாம். நானே போறேன்."

"உங்க வயித்துக்கு அந்த ஓட்டை பத்தாதுப்பா."

"வெட்டினவன் நான். அளவு எனக்குத் தெரியாதா?"

ஓட்டையின் அளவு தெரிந்திருந்தது. வயிற்றின் அளவுதான் தெரியவில்லை. பலகைக்கு அடியில் தவழ்ந்து போய், மூச்சை இழுத்துப் பிடித்து எழுந்தேன், பாதியில் சிக்கிக்கொண்டேன். நல்லவேளை, கைகள் வெளியே வந்திருந்தன. என்ஜினை நிமிர்த்தினேன். எட்டுச் சக்கரமும் உட்கார்ந்தன. மகள் சுவிட்சைப் போட்டாள்.

"நல்லா ஓடுதுப்பா" என்றாள்.

பார்க்கத் திரும்பினேன். ரயில் தெரியவில்லை. வீடுகள் மறைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் பின்பக்கம். ஒன்றிலும் ஜன்னல் இல்லை, கதவு இல்லை, வண்ணம் இல்லை. வெறும் அட்டை, வழிந்து காய்ந்த பசை, என் பென்சில் கோடுகள். முன்பக்கத்தில் திரைச்சீலையின் மடிப்பைக்கூடத் தீட்டியவன் நான். முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டவன். பின்பக்கத் தோற்றம் இல்லாமல் ஒரு வரைபடம் வந்திருந்தால் திருப்பி விட்டெறிந்திருப்பேன். பதினோரு வருடம் அவளை இங்கே நிறுத்தி, இதைத்தான் பார்க்க வைத்திருக்கிறேன். அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

"ஒரு சுத்து முடிஞ்சுது. வெளியே வாங்கப்பா."

"அலமாரியில நீல பெயிண்ட் இருக்கும். சின்ன பிரஷ்ஷும் எடுத்துட்டு வா."

"நாளைக்குப் பிரிக்கறதுக்கு இப்ப எதுக்கு பெயிண்ட்?"

"எட்டு மணிக்குத்தானே வண்டி."

மகள் போய் அலமாரியைத் திறந்தாள். கூரைகளுக்கு மேலாக எட்டி டப்பாவைக் கொடுத்தாள். முதல் வீட்டில் ஒரு ஜன்னல் போட ஆரம்பித்தேன். கோடு நேராக வரவில்லை. மூன்று மாதம் கழித்து, அந்த ஓட்டையில் சிக்கி நின்றபடியே அழுதேன்.