ஹஸ்தவீரின் பதக்கம்

எங்கள் ஊரில் தில்மான் புன் என்பவரைக் 'காகிதமில்லாத லாஹுரே' என்பார்கள். லாஹுரே என்றால் அயல்நாட்டுப் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவன். மற்ற லாஹுரேக்களிடம் பட்டாளத்துப் புத்தகம் இருந்தது. பென்ஷன் இருந்தது. தசைன் பண்டிகையன்று கோட்டில் குத்திக்கொள்ளப் பதக்கங்கள் இருந்தன. தில்மானிடம் மூன்று விரல்கள் இல்லாத ஓர் இடது கால் இருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷச் சண்டையில் படை பின்வாங்கியபோது, குண்டடி பட்ட கேப்டனை இரண்டு நாள் பனியில் முதுகில் சுமந்து வந்தேன் என்பார். உனக்குப் பதக்கம் கேட்டு எழுதுகிறேன் என்று கேப்டன் சொன்னாராம். பின்வாங்கும்போதே படையின் காகிதங்களை எரித்துவிட்டார்கள். தில்மானின் சொந்தப் புத்தகம், ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து வீட்டைக் கொண்டுபோனபோது அதனுடன் போனது. அதன் பிறகு முப்பது வருஷம், வருஷத்துக்கு இரண்டு முறை, மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் சிப்பாய்கள் அலுவலகத்துக்கு மனுவோடு இறங்கிப் போனார். ஒரு நாள் நடை, ஒரு பஸ். ஒருமுறை செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார்.

"விரல் போனதெல்லாம் சாட்சியா, பெரியவரே? யாக் மேய்க்கிறவனுக்கும்தான் போகுது" என்றார் எழுத்தர்.

பதக்கத்தைத் தன் சட்டையில் ஊர் ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பார் மனைவி சுன்கேசரியிடம். பிறகு கழற்றி ஆற்றில் போட்டாலும் சரி.

அலுவலகத்தில் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. ஊரின் மூத்த கிழவர்களுக்கு மட்டும் அது தெரியும். அந்தக் காலத்தில் இலையுதிர் காலம் தோறும் ஆள் பிடிப்பவர் மலையேறி வருவார். அந்த வருஷம் அவர் தேர்ந்தெடுத்தது தில்மானை அல்ல, அண்ணன் ஹஸ்தவீரை. மார்பை அளந்து, சாக்கட்டியால் மார்பில் எண் எழுதி, பெயர்ச் சீட்டைக் கையில் கொடுத்தார். புறப்படும் நாளில் ஹஸ்தவீருக்குக் காய்ச்சல். ஆள் பிடிப்பவருக்குத் தலைக்கணக்கு குறையக் கூடாது. பதினாறு வயதுத் தில்மான் சீட்டை எடுத்துக்கொண்டு போனான். இதை யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. அண்ணன் பெயரில் தம்பியும், செத்தவன் பெயரில் இருப்பவனும் போன காலம். கம்பெனியில் பாதிப் பேர் புன் குலம் என்பதால் பட்டாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அண்ணன் பெயருக்கு அவன் 'சார்' என்று பதில் சொன்னதுகூடக் குறைவு. அங்கே அவன் நாற்பத்தேழு.

அடுத்த வருஷம் ஹஸ்தவீர் வரிசையில் நின்றபோது, இந்த ஊர், இந்தத் தகப்பன், இந்தப் பெயர் ஏற்கனவே பட்டாளத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த வருஷமும். அதன் பிறகு அவர் நாற்பது வருஷம் சுமை தூக்கினார். தம்பி நொண்டிக்கொண்டு திரும்பி வந்த அன்று, அவர் கேட்டதெல்லாம் தன் பெயர் எப்படி இருக்கிறது என்றுதான்.

சண்டை முடிந்து ஐம்பத்தேழு வருஷம் கழித்துக் கேப்டனின் டைரி கிடைத்தது. டேராடூனில் அவர் மகள் பழைய பெட்டியைத் திறந்திருக்கிறாள். 'ஹஸ்தவீர் புன், நாற்பத்தேழு, இரண்டு நாள் என்னைச் சுமந்தான்.' அந்தப் பெண் விடாமல் கடிதம் எழுதிப் பதக்கத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாள்.

செய்தி ஊருக்கு வந்ததும் தில்மான் அலுவலகத்துக்கு ஓடினார். அவருடைய குடியுரிமைச் சீட்டில் தில்மான் என்று இருந்தது. அவர் முதல்முறையாக உண்மையைச் சொன்னார். எழுத்தர் கெட்டவர் அல்ல. பேனாவைக் கீழே வைத்தார்.

"இத நீங்க என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. பொய்ப் பேர்ல சேந்தேன்னு எழுதினா கோப்ப மூடிருவாங்க. ஹஸ்தவீர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவர கூட்டிட்டு வாங்க. வாங்கி வீட்டுல வச்சு உங்ககிட்ட குடுக்கட்டும்."

சுன்கேசரி வேண்டாம் என்றாள். தில்மான் ஒரு சேவலும் ஒரு குடம் கேழ்வரகுச் சாராயமும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். ஹஸ்தவீர் உடனே சம்மதித்தார். அதிகாரிகள் கேள்வி கேட்டால் பதில் தெரிய வேண்டுமே, முழுக்கச் சொல்லு என்றார்.

தில்மான் ஏழு நாள் சொன்னார். தினமும் ஒரு சேவல். ஹஸ்தவீர் எலும்பைக் கடித்தபடி கேட்பார். ஆறு எந்தப் பக்கம்? கேப்டனுக்குக் குண்டு எந்தத் தொடையில்? பனியில் என்ன தின்றீர்கள்? தில்மான் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னார். செத்துக் கிடந்தவனின் காலுறையை உருவிக் கேப்டனுக்குப் போட்டதைக்கூட. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

ஏழாம் நாள் ஹஸ்தவீர் ஒப்பித்தார். "காத்து பின்னால இருந்து அடிச்சப்ப, கேப்டன் மேல படாம நான் திரும்பிக்கிட்டு பின்பக்கமா நடந்தேன்" என்றார். தில்மான் அதைச் சொல்லவே இல்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. அன்று படுத்தபடி, நாம் அப்படி நடந்தோமா என்று யோசித்துப் பார்த்தார். நிச்சயமாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். ஹஸ்தவீருக்கு வாடகைக் கோட்டு. தில்மான் நாலாவது வரிசையில், உறவினர்களுடன். பதக்கம் குத்தியதும் கேப்டனின் மகள் ஒலிபெருக்கியில் டைரியின் ஒரு வரியைப் படித்தாள். 'நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, என்னைச் சுமந்தவன் வழியெல்லாம் அம்மா, அம்மா என்று அழுதுகொண்டே வந்தான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்தது.'

தில்மானின் கை சுன்கேசரியின் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் சொல்லாமல் விட்டது அதுதான். கேப்டன் அதைக் கேட்டுவிட்டார் என்பது ஐம்பத்தேழு வருஷமாக அவருக்குத் தெரியாது.

மேடையில் ஹஸ்தவீர் ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்தார்.

"அழலம்மா. புன் வீட்டுப் பிள்ளை அழுவானா? உங்கப்பா தூங்கிறக் கூடாதுன்னு பாடினேன். என் குரல் அப்பிடி."

மைதானம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலைத் தொட்டாள். அப்படியானால் வேறு யார்தான் அழுதது என்று மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். ஹஸ்தவீர் ஒலிபெருக்கியை விடவில்லை.

"என் தம்பி அழுதான். எனக்குப் பதிலா அவன போகச் சொன்னாங்க. பயந்துட்டான் பாவம், சின்னப் பையன். நானே போனேன்."

உண்மை தெரிந்த கிழவர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். மற்ற தலைகள் திரும்பித் தில்மானைப் பார்த்தன. கேலியாக அல்ல. கனிவாக.

மாலை தில்மான் பதக்கத்தைக் கேட்டார். ஹஸ்தவீர் அதைக் கழற்றி விளிம்பைத் திருப்பிக் காட்டினார். எண்ணும் பெயரும் பொறித்திருந்தது.

"படிடா. யார் பேரு?"

"அண்ணா, நாம பேசினது..."

"என் பேர என்கிட்ட கேக்காம எடுத்துட்டுப் போனே. நான் சுமை தூக்கினேன். இப்ப அது வீட்டுக்கு வந்திருக்கு. வேணும்னா கீழ போய் ஆபீஸ்ல சொல்லு. அவங்க புடுங்கிட்டுப் போவாங்க. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

தில்மான் சொல்லவில்லை. அந்த மாதமே டீக்கடையில் ஒரு வாலிபன் அவரிடம், உங்கண்ணன் கேப்டனைச் சுமந்து கடந்தாரே, அந்த ஆறு எவ்வளவு அகலம் என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தவர், அவரையே கேள் என்று எழுந்து போனார். அதன் பிறகு சண்டையைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தசைன் வந்தது. மூத்தவர் கையால் டீக்கா வாங்காமல் இருப்பது எங்களில் அப்பன் செத்த வருஷம் மட்டும்தான். தில்மான் காலையிலேயே குளித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். ஹஸ்தவீர் பாயில் உட்கார்ந்திருந்தார், கோட்டில் பதக்கம். தயிரில் குழைத்த வெள்ளை அரிசியைத் தம்பியின் நெற்றியில் அப்பினார். தசைனுக்கென்று வளர்த்த முளைப்பயிரை அவர் காதில் செருகினார். பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசீர்வாதத்தையே சொன்னார்.

"நல்லா வளரு. லாஹுரே ஆகு."

சுற்றி நின்ற குழந்தைகள் சிரித்தன. தில்மான் இரு கைகளையும் குவித்து, இன்னும் கொஞ்சம் குனிந்தார்.