மரமில்லாத கூரை

மடத்தின் புதுக் கோபுரத்துக்குக் கூரை மட்டும்தான் பாக்கி.

பாலைவனத்துக் கொள்ளைக்காரர்கள் வந்தால் துறவிகள் எல்லோரும் உள்ளே போய் இருந்துகொள்வதற்கான கோபுரம் அது. தரையில் வாசல் கிடையாது. எதிர்க்கட்டடத்து மாடியிலிருந்து ஒரு மரப்பாலம் கோபுரத்தின் இரண்டாம் தளத்து வாசலுக்குப் போகும். உள்ளே போனதும் பாலத்தைச் சங்கிலியால் தூக்கிவிட்டால், வருகிறவன் வெறும் சுவரைத்தான் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மடத்தில் இருந்த உருப்படியான மரமெல்லாம் அந்தப் பாலத்துக்கே போய்விட்டது.

உச்சித் தளம் வானதூதர் மிக்கேலுக்குக் கோயில். எந்த மடத்திலும் கோபுரத்தின் உச்சி அவருக்குத்தான். காவல்காரர் மேலேதானே நிற்பார். அவர் திருநாளுக்கு ஆயர் வருகிறார். வளைகூரை கட்டுவதென்றால் கீழே மரச்சாரம் கொடுக்க வேண்டும், சாரத்துக்கோ மரமில்லை. எல்லோரும் 'அபூனா', அதாவது தந்தை, என்றழைக்கும் மடத்தலைவர் சாவீரோஸ் பழைய கோயிலின் பலிபீடத்து மரத்திரையைக் கழற்றச் சொல்லிவிட்டார். கருங்காலியில் தந்தம் பதித்த திரை. சொல்லும்போது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எகிப்தின் தென்கோடி அஸ்வானிலிருந்து வந்து துறவியான ஹத்ராவுக்கு இது பொறுக்கவில்லை.

"திரையைத் தொடாதீங்க, அபூனா. எங்க ஊர்ல சாரமே இல்லாமத்தான் கூரை போடுவோம்."

செங்கல் வேலையைக் கவனித்துவந்த பிஸந்தி சிரித்தார். "தெக்கத்திக்காரன் வாயாலேயே கூரை போட்டுருவான்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் வளைவு நிற்கவில்லையென்றால் திரை இறங்கும் என்று மடத்தலைவர் தவணை கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று திரையின் ஆணிகளைப் பிடுங்கும் வேலையும் கீழே தொடங்கியது.

ஹத்ராவின் முறை எளிமையானது. அறையின் ஒரு கோடிச் சுவரில் வளைவை வரைந்துகொள்ள வேண்டும். முதல் வரிசைக் கற்களை நிமிர்த்தி வைக்காமல் அந்தச் சுவர்மேல் சாய்த்து ஒட்ட வேண்டும். அடுத்த வரிசை முதல் வரிசைமேல் சாயும், அதற்கடுத்தது அதன்மேல். சாய்ந்திருக்கிற கல் கீழே விழப் பார்க்காது, பின்னாலிருக்கிற கல்லின்மேல் படுத்துக்கொள்ளும். உலர்ந்த கல் சேற்றின் ஈரத்தைக் குடித்து ஒட்டிக்கொள்ளும்; ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு பக்கமும் உச்சியில் கைகோத்துவிடும். பிறகு அதை யாரும் தாங்க வேண்டாம்.

ஆனால் கல் வழுக்கியது. முதல் வரிசை பாதி ஏறுவதற்குள் மெல்ல நழுவித் தளத்தில் விழுந்து உடைந்தது. மறுபடி கட்டினான், மறுபடி விழுந்தது. கீழேயிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உப்பு மண் கலந்துவிட்டதோ என்று ஹத்ரா சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்தான். இல்லை, ஒட்டகத்தில் வந்த நல்ல நைல் வண்டல்தான். விழுந்த கல்லைத் திருப்பிப் பார்த்தான். தட்டுப்போல வழவழவென்றிருந்தது.

"அண்ணே, கல் அறுக்கும்போது ஈரத்துலயே நாலு விரலால கோடு இழுக்கச் சொன்னேனே, எங்கே?"

"இழுத்தோம். அப்புறம் தடவி எடுத்துட்டோம்பா," என்றார் பிஸந்தி. "தூதர் தலைக்கு மேல இருக்கப்போற கல்லு. நாய் பிறாண்டினாப்பல விடலாமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜெபம் சொல்லித் தடவினோம்."

ஹத்ராவால் கோபப்பட முடியவில்லை. நீர்ச்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று சமையற்காரருக்குக்கூட உட்காரவைத்து விளக்குகிறவன் அவன். இந்தக் கோடு எதற்கென்று மட்டும் சொல்லவில்லை. அவன் ஊரில் அது குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

திரையின் ஆணி ஒன்றை வாங்கி, இரண்டு கற்களில் ஆழமாகக் கீறினான். நடுவே சேறு வைத்து அழுத்திச் சற்று நேரம் காத்திருந்தான். பிறகு மேல்கல்லை மட்டும் பிடித்து மடத்தலைவர் முன்னால் தூக்கினான். கீழ்க்கல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"இழுத்துப் பாருங்க, அபூனா."

மடத்தலைவர் இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். பிறகு ஆணியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அடுத்த கல்லைக் கீறத் தொடங்கினார்.

பிடுங்கிய ஆணிகளெல்லாம் மேலே வந்தன. ஆணி கிடைக்காதவர்கள் கத்தியாலும் உடைந்த ஓட்டாலும் கீறினார்கள். சங்கீதம் பாடிக்கொண்டே மடம் முழுக்கக் கீறியது. தான் வழவழப்பாக்கிய கற்களிலேயே பிஸந்தி மற்ற எல்லோரையும்விட ஆழமாகக் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் வளைவுகள் நின்றன. திருநாளுக்குள் கூரை மூடிற்று.

திருநாளன்று ஆயர் பழைய கோயிலில் திரையைத் தடவிப் பார்த்தார். சில ஆணிகள் முழுதாக இறங்காமல் தலை நீட்டிக்கொண்டிருந்தன.

"இது ஏன் இப்படி?"

"முனை மழுங்கிப்போச்சு, பெரியவரே," என்றார் மடத்தலைவர். "மாத்த மனசில்லை." ஆயரைப் பாலம் தாண்டிக் கோபுரத்து உச்சிக்கே அழைத்துப்போய்க் கூரையின்மேல் ஏற்றினார். "ஒரு துண்டு மரம் கிடையாது. நல்லா மிதிச்சுப் பாருங்க."

ஆயர் மிதித்தார். யார் கட்டியது என்று கேட்டார். ஹத்ரா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து விளக்க ஆரம்பித்தான்.

"கல்லுல கோடு போடறதைச் சொல்ல மறந்துடாதே," என்றார் பிஸந்தி.

"அதுக்குத்தான் வர்றேன், அண்ணே. நீங்களே சொல்லுங்க."