தட்டில் நீட்டிய தாலி

“மேடம், நான் சொல்றத ஒரு நிமிஷம்...”

“இன்னாத்த சொல்லப் போற? நேத்து வெச்சுட்டுப் போனத எடுத்துக் குடுன்னா, உக்காருங்க, டீ சாப்புடுங்க, ஏசி பத்துதான்னுகினு...”

“மேனேஜர் வந்துட்டே இருக்காரு மேடம், அவரு வந்ததும்...”

“உன் மேனேஜர் வர்ற வரிக்கும் பொணம் காத்துகினு கெடக்குமாடி? ஐஸ் பொட்டில மனுசன படுக்க வெச்சுட்டு வந்துகீறோம்!”

தங்க நாணயம் வாங்க வந்திருந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் நாணயங்களைப் பார்த்தார்கள். கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியவள் ரஹீமுன்னிசா. அந்தப் பக்கம், கடை கொடுத்த மெரூன் புடவையில், சொல்லிக்கொடுத்த சிரிப்பு கலையாமல் நின்றவள் வினிதா. சண்டைக்குச் சொந்தக்காரி ஃப்ளோரன்ஸோ மெத்தை நாற்காலியின் நுனியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தனக்காகத் தொண்டை கிழியக் கத்தக் கத்த அவள் தலை இன்னும் குனிந்தது. ரஹீமுன்னிசாவிடம் அவள் முழுதும் சொல்லியிருக்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஸ்டானிஸ்லாஸ் அன்று விடிவதற்குள் செத்துப்போனான். கல்மண்டபத்து வீட்டு வாசலில் ஷாமியானா போட்டாகிவிட்டது. மத்தியானம் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் செத்தால் பெண்டாட்டி தன் தாலியைத் தானே கழற்றி அவன் வலது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டியை மூடுவார்கள். ஸ்டானிஸ்லாஸின் அம்மா அப்படித்தான் செய்தாள். அக்கா ஜானட்டும் அப்படித்தான் செய்தாள்.

ஃப்ளோரன்ஸின் கழுத்தில் இப்போது செபமாலைதான் கிடந்தது.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில், காசைக் கட்டினால்தான் மேற்கொண்டு வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். அடகுக்கடைக்காரன் ஆளைக் காணோம். பழைய நகைக்கு உடனே பணம் என்று போர்டு போட்டிருந்த இந்தக் கடைக்கு ஓடி வந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். சங்கிலி மட்டும்தான் விலைக்கு. அதில் கோத்திருந்த, சிலுவையும் புறாவும் வைத்த தாலியை அவள் விற்கவில்லை. தாலியின் வளையம் சங்கிலியோடு சேர்த்துப் பற்றவைத்தது என்பதால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்து மேனேஜர் வந்தார். கைகுவித்தார்.

“வணக்கம்மா. விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். டீ குடுத்தாங்களா?”

“டீ ஆறிப்போச்சு,” என்றாள் ரஹீமுன்னிசா. “தாலிய குடு நைனா. போய்கினே இருக்கோம்.”

மேனேஜர் வினிதாவைப் பார்த்தார். வினிதா மேசையைப் பார்த்தாள்.

“அம்மா, எங்க பக்கம் ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. அன்னன்னிக்கு வாங்கற பழைய தங்கத்த சாயங்காலம் உள்ள உருக்கிடுவோம். உங்க சங்கிலி இருந்த கவர்லயே அந்தத் தாலியும் இருந்திருக்கு. உருக்கறவருக்குத் தெரியல.”



“உருக்கிட்டீங்களா?” என்றாள் ஃப்ளோரன்ஸ். கடைக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“அதே எடைக்கு, அதுக்கு மேலயே, சுத்தமான காயின் தர்றோம்மா.” மேனேஜர் ஒரு சின்ன அட்டையை மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக்குக்குள் தாமரையில் உட்கார்ந்த லட்சுமி மின்னினாள்.

“யோவ், வேதக்காரன் பொணத்துக் கைல லட்சுமிய வெக்கச் சொல்றியா?”

“சாரி, சாரி. ரோஜாப்பூ போட்டது இருக்கு. வினிதா, அத எடும்மா.”

அந்த நேரம் பார்த்து ஃப்ளோரன்ஸின் மடியிலிருந்த போன் சிணுங்கியது. அவள் எடுக்கவில்லை. ரஹீமுன்னிசா எடுத்து, தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“எங்கள் கடைக்கு வந்ததற்கு நன்றி. எங்கள் சேவை உங்களுக்கு எப்படி இருந்தது? அஞ்சு நட்சத்திரத்துக்கு எத்தினி குடுப்பீங்க...” நிமிர்ந்தாள். “இன்னாய்யா இது?”

“அது தானா போற மெசேஜ்மா. கண்டுக்காதீங்க.”

“தானா போவுதா! தாலியும் தானாத்தான் உருகிச்சா? திருடிட்டு உருக்கிட்டோம்னு கத உடுறீங்க. போலீஸுக்குப் போவேன்!”

மேனேஜரின் முகத்தில் இருந்த வருத்தம் கொஞ்சம் இறுகியது.

“திருட்டுன்னு சொல்லாதீங்கம்மா. விக்கறதுக்குன்னு குடுத்தாங்களா, வெச்சிருக்கச் சொல்லிக் குடுத்தாங்களான்னு எங்களுக்கும் தெரியணும். மேல கேமரா இருக்கு. நேத்து நடந்தத போட்டுப் பாத்துடலாம்.”

“வேணாம் சார்,” என்றாள் வினிதா.

“வேணாங்க,” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. ரஹீமுன்னிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் வேணாம்? நம்ம பக்கம் நாயம் கீது. நீ போடுய்யா!”

மேனேஜர் திரையைத் திருப்பி வைத்தார். சத்தமில்லாத படம். மேலிருந்து பார்த்த கோணத்தில் ஃப்ளோரன்ஸின் நடு வகிடும், காலி கழுத்தை மூடிக்கொண்ட முந்தானையும் தெரிந்தன. திரையில் வினிதா நகை வெட்டும் சின்னக் கத்தரியால் வளையத்தை நறுக்கினாள். தாலியைத் துடைத்து, சிவப்பு வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினாள்.

திரையிலிருந்த ஃப்ளோரன்ஸ் நெருப்பைக் கண்டவள்போல் பின்வாங்கினாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வினிதா ஏதோ சொல்லி மறுபடியும் நீட்டினாள். ஃப்ளோரன்ஸ் தலையை ஆட்டினாள். உதடுகள் அசைந்தன. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். தட்டு மேசைக்கு அடியில் போய்விட்டது.

படம் நின்றது. ரஹீமுன்னிசாவின் குரல் இறங்கிவிட்டது.

“ரெண்டு தபா நீட்டுது, ஃப்ளோரா. வாங்கிக்கினு வர வேண்டிதான?”

“எப்டிக்கா வாங்குவேன்?” ஃப்ளோரன்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவரு உசுரோட கீறாரு. தாலிய வெறுங்கைல வாங்கறவ யாரு? புருசன பறிகுடுத்தவதான? அத வாங்கிகினு அந்தக் கையோட அவரு கட்டிலாண்ட போய் நிக்கச் சொல்றியா? வெச்சிரும்மா, மஞ்சக் கயிறு வாங்கியாந்து கோத்து எடுத்துக்கிறேன், கோயில்ல மந்திரிச்சு அவரு கையால கட்டிப்பேன்னு சொன்னேன். கயிறு வாங்கினேன்க்கா. வாங்கிட்டேன்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் கயிறு பிரிக்காத கண்டாக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வினிதாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. வியாசர்பாடி வீட்டுப் பேச்சு, புடவையையும் பயிற்சியையும் தாண்டிக்கொண்டு வந்தது.

“யக்கா, சத்தியமா நான் தனியா வெக்கணும்னுதான் கீழ வெச்சேன். அதுக்குள்ள கூட்டம் வந்துகினே இருந்துச்சு. பில்லு போட்டுகினு இருந்தப்ப உள்ளேர்ந்து வந்து தாலியயும் சங்கிலி கவர்லயே போட்டு எல்லாத்தையும் அள்ளினு போய்ட்டாங்க. உங்க தாலி தனியாத்தான் கீதுன்னு நெனைச்சுகினே வூட்டுக்குப் போய்ட்டேன்.”

“வினிதா, உள்ள போ,” என்றார் மேனேஜர்.

அவள் போகவில்லை. “சார், அந்தக் கட்டிய காட்டுங்க சார். அவங்க பாக்கட்டும்.”

மேனேஜர் யோசித்தார். பிறகு உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தார். விரல் நீளத்துக்கு ஒரு தங்கக் கட்டி. மினுமினுப்பு இல்லை. ஓரமெல்லாம் கருகி, மேலே சொரசொரப்பாக இருந்தது. நேற்று வந்தவர்களின் மோதிரமும் தோடும் வளையலும் மூக்குத்தியும் அதற்குள் ஒன்றாகிக் கிடந்தன.

ஃப்ளோரன்ஸ் கட்டியைக் கையில் எடுத்தாள். இப்போது அவள் கை பின்வாங்கவில்லை. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கட்டை விரலால் தடவினாள்.

“இதுல எங்க கீது?”

“எல்லாம் கலந்துடும்மா. வேணும்னா அந்த எடைக்கு இதுலயே வெட்டித் தர்றேன்.”

“வெட்டுனா யாரோடது வரும்?”

வினிதா அலமாரியைத் திறந்து, ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்துவந்து கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். புதுத் தாலி. மேலே சிலுவை, கீழே சிறகு விரித்த புறா.

“இதே மாறிதான கீது, யக்கா? எடுத்துக்கோங்க. என் சம்பளத்துல புடிச்சுப்பாங்க, பரவால்ல. யாருக்குத் தெரியப் போவுது?”

“எடுத்துக்கோ ஃப்ளோரா,” என்றாள் ரஹீமுன்னிசா மெதுவாக. “வெரல மடக்கிட்டா உள்ள இன்னா கீதுன்னு யாரு பாக்கப் போறா? நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஃப்ளோரன்ஸ் புறாவைப் பார்த்தாள். இதன் மூக்கு நேராக, கூராக இருந்தது. அவளுடைய புறாவுக்கு மூக்கு கோணல். கல்யாணமான புதிதில், குடித்துவிட்டு வந்த ஸ்டானிஸ்லாஸ் சங்கிலியைப் பிடித்து இழுத்ததில், சுவரில் மோதி வளைந்தது. மறுநாள் அவனே பல்லால் கடித்து நிமிர்த்தப் பார்த்து, இன்னும் கோணலாக்கினான். அந்தக் கூத்தை நினைத்து ஜானட் பல வருஷம் சிரித்திருக்கிறாள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மெசேஜ் இல்லை. ரஹீமுன்னிசா பெயரைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பேண்டுக்காரர்களின் சத்தமும் யாரோ ஒப்பாரி வைப்பதும் கடைக்குள் வந்தன. நாணயம் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

“ஃப்ளோரா! எங்கடி கீற?” ஜானட்டின் குரல் அழுது அழுது தடித்திருந்தது. “ஃபாதர் வந்துட்டாரு. பொட்டி மூடிய தூக்கிகினு நிக்கிறாங்க. நான்தான் யாரும் தொடக் கூடாதுன்னு பொட்டி மேல கை வெச்சுகினு உக்காந்துகீறேன்.”

ஃப்ளோரன்ஸின் ஒரு கை கட்டியைப் பிடித்திருந்தது. மற்றது நீலப் பெட்டியின் அருகில், தொட்டும் தொடாமலும் இருந்தது.

“அலோ? கேக்குதா? எம்மாந்நேரம் ஆனாலும் ஆவட்டும், நீ பதறாம வா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வா, ஃப்ளோரா. அவன் கட்டுனது உன் கைலதான கீது?”