இரண்டு நடை

மூடப்போகும் பேக்கரி ஒன்றிலிருந்து என் மனைவி ஓர் அடுப்பை வாங்கினாள். மேல் தட்டு, கீழ்த் தட்டு, ஒவ்வொன்றும் முந்நூறு கிலோ. சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். அந்த அடுப்பை நம்பித்தான் அவள் வேலையை விட்டிருந்தாள்.

எடுத்து வர டிரெய்லர் வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானும் அவள் தம்பியும் ஏற்றுக்கொண்டோம். எங்களை யாரும் கேட்கவில்லை.

"என்ன கார்?" என்றார் வாடகைக் கடைக்காரர். பதிலுக்குக் காத்திராமல், இருப்பதிலேயே பெரிய டிரெய்லரின் டயரை உதைத்துக் காட்டினார். மைத்துனனும் உதைத்தான். நானும் உதைத்தேன். உதைத்தால் என்ன தெரியவரும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் காரில் உட்கார்ந்து, ஆறு வருடமாக பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக் இல்லாத டிரெய்லர்னா சரக்கோட சேர்த்து எழுநூத்தம்பது கிலோதான் இழுக்கலாமாம். இது காலியாவே நானூறு."

"இழுக்கும்மா," என்றார் கடைக்காரர்.

"இழுக்கும். நிக்குமா?"

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

"சின்னத எடுங்க," என்றாள் அவள். "அடுப்பக் கழட்டி ரெண்டு நடையா கொண்டு வந்துடலாம்."

"ரெண்டு நடையா?" மைத்துனன் முகம் சுருங்கியது. "பாக்கிறவன் என்னக்கா நினைப்பான்?"

பார்க்கப்போவது யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் அதே கவலைதான்.

பெரியதையே எடுத்தோம். பேக்கரியில் நான்கு ஆட்கள் அடுப்பை ஏற்றியதும் காரின் பின்பக்கம் தரையைத் தொடாத குறையாகத் தாழ்ந்தது. அது கண்ணுக்கு நன்றாக இல்லை என்று மைத்துனன் அடுப்பைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னான். கார் நிமிர்ந்தது. அவனும் நிமிர்ந்தான்.

அவள் வீட்டிலிருந்து குளியலறைத் தராசைக் கொண்டுவந்திருந்தாள். டிரெய்லர் காரில் மாட்டும் மூக்கைக் கழற்றி, அதன் அடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். எட்டு கிலோ.

"மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது மூக்குல இருக்கணும். இல்லைன்னா ஆடும்."

"டிரெய்லருக்கு டயட்டா போடப் போற?" என்றான் தம்பி. ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

அவள் தராசைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

ஏற்றம் முழுக்க மைத்துனன் காரைப் புகழ்ந்துகொண்டே வந்தான். இறக்கம் வந்ததும் பேச்சு நின்றது. டிரெய்லர் இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது, பிறகு வலப்பக்கக் கண்ணாடியில். எங்களை முந்த வழி பார்ப்பதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்க நினைத்தது, டிரெய்லருக்கு அந்த எண்ணமே இல்லை. புல்மேட்டில் குறுக்காக ஏறி நின்றோம். எங்களுக்குக் கீறல்கூட இல்லை. அடுப்பு கவிழ்ந்து கிடந்தது.

அவள் இறங்கிப் போய் அடுப்பின் கோணிப்போன கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை.

"ஒரு நடை மிச்சமாச்சு," என்றாள்.

ஒன்பது வருடம் அந்த அடுப்பில்தான் ரொட்டி சுட்டாள். கதவுக்குச் சாக்குச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள். அப்படியும் இடது ஓரத்து ரொட்டிகள் கருகின. அவற்றைத் தனியே எடுத்துவைத்து எனக்கும் தம்பிக்கும் மட்டும் கொடுப்பாள். "ஒரே நடையில வந்தது, சாப்பிடுங்க."

சாப்பிட்டோம்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. கூட வேலை செய்த பெண் அடுப்பைத் தன் கடைக்குக் கேட்டாள். போன வாரம் அதே வாடகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியதன் டயரை உதைத்தார்.

"சின்னது போதும்," என்றான் மைத்துனன்.

"ரெண்டு நடை ஆகுமே சார்."

"ஆகட்டும்."

வீட்டில் அவனே ஸ்பேனர் எடுத்து அடுப்பை இரண்டாகப் பிரித்தான். மேல் தட்டை ஏற்றியதும் நான் குளியலறைக்குப் போய்த் தராசை எடுத்துவந்தேன். மூக்குக்கு அடியில் வைத்தோம். அவன் முட்டிபோட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தான்.

"நாப்பத்தி ஒண்ணு அத்தான். எவ்வளவு வேணும்?"

"மொத்தம் ஐந்நூறு. ஐம்பது."

"போதாதா இது? பக்கத்து ஊருதானே."

அவனே மறுபடி முள்ளைப் பார்த்தான். பிறகு எழுந்து கட்டிய கயிற்றை அவிழ்த்தான். இருவரும் தோள் கொடுத்து நான்கு விரல் முன்னால் தள்ளினோம்.